முப்பத்தெட்டா, ஐம்பத்தேழா?

காட்டு ஆர்க்கிட் செடியின் வேர் நுனியை நசுக்கி அதற்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவது என் தொழில். கல்யாண வீட்டில் யாராவது "என்னம்மா வேலை பாக்குற?" என்று கேட்டால், "டீச்சர்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துக் கழுத்தைத் தொலைத்த சக தோழர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஆர்க்கிட் என்றதும் எல்லாரும் ஊட்டியைத்தான் நினைக்கிறார்கள். நம்ம கடலூர் மாவட்டத்து மாமரத்திலும் வேப்பமரத்திலும் ஒட்டி வளரும் மரவாழையும் ஆர்க்கிட்தான். சாதாரணமாக அதன் ஒரு செல்லில் முப்பத்தெட்டு குரோமோசோம், அதாவது பத்தொன்பதாக இரண்டு தொகுதி. அபூர்வமாகச் சில செடிகளில் ஒரு தொகுதி கூடிப்போய் ஐம்பத்தேழு ஆகிவிடும். இப்படிக் கூடியும் குறைந்தும்கூடக் காலப்போக்கில் புது இனங்கள் கிளைப்பதுண்டு. அப்படி ஒரு செடியைக் கண்டுபிடிப்பதுதான் சிதம்பரத்தில் என் பிஎச்.டி. வேலை.

மாந்தோப்பில்

காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு மாந்தோப்பு. சொந்தக்காரர் ரைஸ்மில் வைத்திருப்பவர். காலை வேளையில்தான் செல்கள் மும்முரமாகப் பிரியும் என்பதால் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கிவிட்டேன். அவர் ஆள் விட்டு ஏணி போடச் சொல்லி, "முழுச் செடியையும் எடுத்துக்கம்மா" என்றார். வேண்டாம், பச்சையாக இருக்கும் வேர் நுனி மட்டும் போதும், அரை விரல் நீளம், என்றேன். மூன்று நுனிகளை வெட்டிச் சின்னக் குப்பியில் போடுவதை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, மாட்டு டாக்டர் வந்தா மாட்டப் பாப்பாரு. நீ வால் முடிய மட்டும் வெட்டிக்கிட்டுப் போறியே!"

கட்டைவிரல்

சாயம் ஏறிய வேர் நுனியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய மூடியைப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் குரோமோசோம்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். இரண்டு மாதம் எனக்கு முப்பத்தாறு வரும், நாற்பத்தொன்று வரும், கண்ணாடி உடையும். ஒரு நாள் அழுகையே வந்துவிட்டது. லேப் உதவியாளர் சேகர் அண்ணன் உடைந்த சில்லுகளைப் பெருக்கிக்கொண்டே சொன்னார்:

"தோச ஊத்துற மாதிரி தேய்க்காதம்மா. ஆபீசுல ரப்பர் ஸ்டாம்பு குத்துறாங்க பாரு, அப்படி நேரா ஒரே குத்து."

என் ஆசை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்து வாசலில் பெரிய வேப்பமரம். அதில் இருந்த மரவாழைக்குப் பதினான்காம் நம்பர் தகடு கட்டிவிட்டு நுனி எடுத்து வந்தேன். அந்தக் கண்ணாடியில் ஒரே ஒரு செல் நன்றாக விரிந்திருந்தது. எண்ணினேன். ஐம்பத்தேழு! திரும்பவும் எண்ணினேன். அதேதான். ஓடிப்போய் என் பேராசிரியையை இழுத்து வந்தேன். அவர் நிதானமாகப் பார்த்தார். பக்கத்துச் செல்லிலிருந்து பத்தொன்பது வந்து கலந்திருக்கலாமே என்றார்.

"ஒரு செல்லுல வந்தா அது உன் ஆசை. பத்து செல்லுல வந்தாதான் அது செடி."

அரசாங்கச் செடி

மறு வாரம் போனால் கிளையே இல்லை. மின்கம்பியில் உரசுகிறது என்று வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அஞ்சலையக்கா கையைப் பிடித்து எழுப்பிக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். தண்ணீர்க் குழாயை ஒட்டிய முருங்கை மரத்தில், தேங்காய் நாரும் பழைய புடவைக் கிழிசலும் சுற்றி, பதினான்காம் நம்பர் பத்திரமாக இருந்தது. எப்படிக்கா வாங்கினீங்க என்றேன்.

"வெட்ட வந்தவுங்ககிட்ட, 'நம்பர் போட்டிருக்குது பாருங்க, இது கவர்மெண்ட் செடி, தொட்டா கேசாவும்'னு சொன்னேன். பயந்துட்டு அவுங்களே எறக்கிக் குடுத்துட்டாங்க!"

காய்

அடிபட்ட செடி புது வேர் விட ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை வாரா வாரம் கடலூர் பஸ். கடைசியில் பத்து செல் எண்ணினேன், பன்னிரண்டும் எண்ணினேன். எல்லாமே ஐம்பத்தேழு. பேராசிரியை என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

முதலில் அஞ்சலையக்காவிடம்தான் சொல்லப் போனேன். ஒற்றைப்படைத் தொகுதி என்பதால் இந்தச் செடி பூக்கும், ஆனால் காய்த்து விதை பிடிப்பது கஷ்டம்; பக்கத்தில் வரும் கன்றைப் பிரித்து வைத்துத்தான் பெருக்க வேண்டும் என்று விளக்கினேன். பாவம்க்கா இது, என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"என்னா பாவம்? எனக்குந்தான் புள்ள இல்ல. நா கட நடத்தலியா? அதுல ஒரு கன்னப் பிரிச்சு எங்கிட்ட குடுத்துட்டுப் போ, நா வளக்குறேன்."

ஐந்து வருஷம் எண்ணியதில் எனக்கு மிஞ்சியது ஒரு டாக்டர் பட்டமும், தீராத கழுத்து வலியும், கடலூர் போனால் குடித்தே தீர வேண்டிய சர்க்கரை ஜாஸ்தியான ஒரு டீயும்தான்.