காம்பிடண்ட் அத்தாரிட்டி

நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று அப்பா என்னிடம் முதலில் கேட்டது ஒரு ஃபைல் கவர். முப்பத்தாறு வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து துவாரகா ஃபிளாட்டுக்கு வந்த பிறகும், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்ற புகாரைக்கூடப் பத்திக்கு எண் போட்டுத்தான் எழுதுவார்.

அந்த ஃபைலில் என்ன சேர்ந்தது என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். நோயாளி கேட்டால் டாக்டரே மருந்து கொடுத்துச் சாக உதவுகிற வெளிநாட்டுச் சட்டங்கள். நாடு வாரியாகப் பிரித்து, பக்க எண் இட்டு, முக்கியமான இடங்களில் சின்னச் சீட்டு ஒட்டி, மேலே ‘பார்வைக்கு’ என்று எழுதிச் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மெட்ரோவில் நசுங்கி வீடு வந்து, ரசத்தைச் சூடு பண்ணி உட்கார்ந்தால் இதுவா? படிக்காமல் தள்ளி வைத்தேன்.

அவர் விடவில்லை. அடுத்த முறை வலிக்கு மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். அவள் பஞ்சாபிப் பெண், என்னைவிடச் சின்னவள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னாள். மருந்து கொடுத்து உயிரை முடிக்க இந்த நாட்டில் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் இனிப் பிழைக்க வழியில்லை என்ற நிலை வந்தால் செயற்கை சுவாசம் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், நோட்டரி முத்திரை வேண்டும். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேசப் போகிறவரின் பெயரும் வேண்டும்.

நாற்பது வருட டெல்லி வாசத்திலும் அப்பாவின் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

“ஏட்டி, ஒம் பேரப் போடட்டா?”

“அப்புறம் பாக்கலாம்ப்பா. இப்ப என்ன ஜல்தி?”

“எனக்குத்தான ஜல்தி.”

அவர் சிரித்தார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். போடுவதற்கு வேறு பெயர் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மறுபடி கேட்கவே இல்லை.

பத்து நாளில் பத்திரம் தயாரானது. ஆங்கிலத்தில் அவரே தட்டச்சு செய்தார். சாட்சி, கீழ்வீட்டுத் தம்பதி. நோட்டரியிடம் நான்தான் கூட்டிப்போனேன். கோர்ட்டு வாசலில் மேஜை போட்டிருந்த அந்த மனிதர், முத்திரை எங்கே குத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார். நானும் படிக்கவில்லை. படித்தால் என் பெயர் இருக்குமோ என்று பயம்.

டிசம்பர் புகைமூட்டத்தில் நிமோனியா வந்து அப்பாவுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பத்திரத்தை நீட்டினேன். அங்கிருந்த டாக்டர் நின்றபடியே படித்து, மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

“இதில் யார் பெயரும் இல்லையே மேடம்,” என்றார் ஹிந்தியில். “‘காம்பிடண்ட் அத்தாரிட்டி முடிவு செய்யலாம்’ என்று இருக்கிறது. யார் அது?”

தகுதியுள்ள அதிகாரி. முடிவெடுக்கும் ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதும் ஆபீஸ் பழக்கம், சாகும்போதும் விடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் பாத்திரம் தேய்க்கப் போனதைப் பார்த்தவர் அவர். என்னைக் காப்பாற்றத்தான் ஆளில்லாத ஒரு நாற்காலியை அங்கே போட்டிருந்தார்.

“நான்தான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டர் காத்துக்கொண்டு நின்றார். செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்றேன்.

செயற்கை சுவாசத்தில் பத்தொன்பது நாள். மூன்றாம் நாள் அரை நினைவில் தொண்டைக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு துணிப்பட்டையால் கட்டிவிட்டார்கள். நான் பக்கத்தில் போய் நின்றால் விரல்கள் மட்டும் அசையும். எந்தச் சாவு வேண்டாம் என்று அவர் அத்தனை காகிதம் சேர்த்தாரோ, அதையே கொண்டுவந்து கொடுத்தேன். கோழைத்தனத்துக்கு மரியாதையான வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் இரண்டு டாக்டர் குழுக்கள் கூடிப் பேசி, இயந்திரத்தை விலக்கலாம், குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்றார்கள். ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார்கள். பெயர், உறவு, கையெழுத்து, அவ்வளவுதான். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டிய அதே பெயரை எழுதினேன். பக்கத்தில் ‘மகள்’ என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நர்ஸ் முதல் வேலையாக அவர் கைக்கட்டுகளை அவிழ்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிப் பட்டையின் தடம் பதிந்திருந்தது. மறுநாள் எரிக்கக் கொண்டுபோகும்போதும் அது மறையவில்லை.