விசாலத்துக்கு ஓதிய கத்தம்

என் சாச்சி ஒரு நாவலைப் படித்து முடித்தால் வீடு முழுவதற்கும் அது தெரிந்துவிடும். மருமகளைப் படுத்தும் மாமியாரின் கதையை முடித்த வாரம், கம்பளையிலிருந்து பலகாரம் கொடுத்தனுப்பிய தன் சொந்த மாமியாருக்கு ஒரு ஸலாம்கூடச் சொல்லி அனுப்பவில்லை. துப்பறியும் கதை முடிந்த அன்று பின்கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். இன்னொரு கதையில் கதாநாயகன் கடைசி நேரத்தில் கோழையாகிப் போனதற்கு, பாவம், என் வாப்பா உப்பில்லாத ஆணம் சாப்பிட நேர்ந்தது.

சாச்சி என் உம்மாவின் தங்கை. கண்டியில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்த கொஞ்ச நாளில், மழைக்காலத்தில், என்னை மாத்தளைக்குப் பெரியும்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது சாச்சி மெலிந்துபோய்ப் பின்னறையில் படுத்திருந்தார். காய்ச்சல் என்றார்கள். எனக்கு ஏழு வயது. நானும் காய்ச்சல் என்றே நம்பினேன்.

நாவல்கள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தன. அங்கே தபால் கந்தோர் உத்தியோகத்தரின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரி, மதராசிலிருந்து வரவழைத்துப் படிப்பார். முடித்ததும் வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டி, "கொம்மாவின்ர தங்கச்சியிட்டக் குடு பிள்ளை, அழப்போறா" என்பார். கதைப் புத்தகம் கண்ணில் பட்டால் அடுப்பில் போட்டுவிட்டுச் சாச்சியைக் கம்பளைக்கு ஏற்றிவிடுவதாக வாப்பா சொல்லியிருந்தார். சாச்சிக்கோ கம்பளை என்ற பேரைக் கேட்டாலே முகம் வாடிவிடும். அதனால் நான் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டுதான் வருவேன்.

அப்படி வந்ததுதான் விசாலத்தின் கதை. விசாலம் ஓர் ஆஸ்பத்திரியில் அநாதையாகச் செத்துப்போவாள். யாரும் வந்து பார்ப்பதில்லை, யாரும் அழுவதில்லை. சாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, அவளுக்கு ஒரு கத்தம் ஓத வேண்டும் என்றார். இறந்தவர் பேரில் பள்ளிவாசல் லெப்பையை அழைத்து ஓதிச் சோறு கொடுப்பதுதான் கத்தம். கதையில் செத்தவளுக்கு, அதுவும் விசாலத்துக்கு, கத்தமா? உம்மா சிரிப்பார் என்று பார்த்தேன். அவரோ நெய்ச்சோற்றுக்கு அரிசி எடுத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் வாப்பா கடையில் இருந்த நேரம் லெப்பை வந்தார். சாம்பிராணி போட்டார்கள். பாயில் அமர்ந்து, யாருடைய பேரில் ஓதுவது என்று கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து சாச்சி, "பொம்புளப் புள்ள. நூருன்னிஸா" என்றார். வழக்கப்படி லெப்பை தாயின் பேரையும் கேட்டார். திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி அத்தியாயத்தை நானும் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன்.

"லெப்பை, அது பொய். அவட பேரு விசாலம். பொத்தகத்துல மௌத்தானவ."

உம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. அப்போதுதான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. லெப்பை நாள் தவறாமல் வாப்பாவின் கடையில் தேநீர் குடிப்பவர். சாச்சியின் பெட்டி கம்பளை ரயிலில் ஏறுவது என் கண்ணிலேயே தெரிந்தது. என்னால்தான் என்று நினைத்ததும் அழுகை வந்தது.

லெப்பை என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. பிறகு திரைப்பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"உம்மாட பேரு எனக்குத் தெரியும் மகள். நான் ஓதுறேன்."

நீண்ட நேரம் ஓதினார். சாச்சி வாய்விட்டு அழுதார். ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. லெப்பை வாப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் சாச்சி தலை வாரி, பூ வைத்த சேலை உடுத்து, முற்றத்துக்கு வந்து நின்றார்.

நான் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோதுதான் உம்மா அந்த மழைக்காலத்தைப் பற்றிச் சொன்னார். சாச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது அழவே இல்லை. பேர் வைக்காமல், கத்தம் ஓதாமல், துணியில் சுற்றி மழையோடு மழையாக மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அடக்கியவர் அந்த லெப்பைதான்.

அதுவரைக்கும், விசாலத்தின் தாய் பேர்கூடத் தெரிந்த லெப்பையும் களவாக நாவல் படிக்கிறவர் என்றே நான் நினைத்திருந்தேன். தெருவில் அவரைக் காணும்போதெல்லாம், இரகசியம் தெரிந்தவள்போல் சிரிப்பேன். அவரும் சிரிப்பார்.