எங்க மாஸ்டரோட ஜப்பான்

இன்னிக்கு திருப்பத்தூர் பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக்கு நடுவுல கேட்டாரு. "புதூர்நாடுங்களா? எண்பத்தி நாலுல என் மச்சான் அங்கதான் கராத்தே சொல்லிக் குடுத்தாரு."

நான் அவருகிட்ட கத்துக்கிட்டவன். ஞாயித்துக்கிழமை ஜீப்புல வருவாரு. யாருகிட்ட கத்துக்கிட்டீங்கன்னா, "ஜப்பான்காரருகிட்ட"ம்பாரு.

அதைச் சொன்னதும் இவரு சிரிச்சிட்டாரு.

"வேலூர்ல டீக்கடையில இருந்தாருங்க. எதிர்லயே கராத்தே கிளாஸ். டம்ளர் கழுவிக்கினே ஜன்னல் வழியா பாத்துக் கத்துக்கிட்டாரு."

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. எதிர்ல நின்னு பாத்தவரு, அவங்க வலது கையை நீட்டுனா இவரு இடது கையை நீட்டிப் பழகியிருக்காரு. எங்களுக்கும் அப்படியே இடம் வலம் மாத்தி சொல்லிக் குடுத்துட்டாரு.

அந்த வருஷம் வேலூர்ல போட்டி. "ஒடம்பு சரியில்ல, நீ போய்ட்டு வா"ன்னு என்னை மட்டும் அனுப்பினாரு. வரிசையில எல்லாரும் வலது பக்கம் திரும்ப, நான் மட்டும் இடது பக்கம் திரும்பி அடுத்தவன் மேல முட்டிக்கினேன். கூட்டமே சிரிச்சுது.

ஊருக்குத் திரும்பி வந்து சொன்னதும் மாஸ்டரு, "அது நம்ம ஸ்டைலு. அவனுங்களுக்கு இன்னா தெரியும்"னு தோள்ல தட்டுனாரு. இத்தினி வருஷமா அதை நம்பிக்கினு இருந்தேன்.

"வேலூருக்கு வந்தா டீக்கடை ஆளுன்னு அடையாளம் தெரிஞ்சிடும்னு பயந்தாருங்க"ன்னாரு பக்கத்து சீட்டுக்காரர்.

ஜன்னல்ல பாத்துக் கத்துக்கிட்டதுக்கு எனக்குக் கோபமே இல்ல. தனக்குப் பயமா இருந்த எடத்துக்கு என்னை அனுப்பினாரு பாருங்க, அதான் ஆறமாட்டேங்குது.

புள்ளைங்களைச் சேக்கறவங்க, மாஸ்டர் யாருகிட்ட கத்துக்கிட்டாருன்னு மட்டும் கேக்காதீங்க. போட்டிக்குக் கூட வருவாரான்னும் கேளுங்க.

உங்க மாஸ்டர் வந்தாருங்களா?