முத்துவின் முதல் முடிவெட்டுக்குக் குறித்த நாள்

தோழியரே, எங்கள் பொமரேனியன் குட்டி முத்துவுக்கு இரண்டு மாதம் ஆகிறது. பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்து, இன்று மந்தைவெளியில் நாய்களுக்கு முடி வெட்டுபவரிடம் முதன்முறையாக அழைத்துச் சென்றேன்.

"ரெண்டாவது ஊசி போட்டாச்சாம்மா?" என்றார் அவர்.

"இன்னும் இல்லை. ஆனால் இன்று சுபதினம்" என்றேன்.

"நாளு பாத்துக்கினு வந்தீங்க, ஊசி பாக்கலியா? இங்க வர்ற நாய்ங்களாண்டேர்ந்து நோவு ஒட்டிக்கும். ஊசில்லாம் முடிச்சி, ரெண்டு வாரம் கழிச்சி இட்டுக்கினு வாங்க. அதுவரிக்கும் வூட்லயே சீப்பு போட்டுப் பழக்குங்க."

அதற்குள் முத்து, வாசலில் இருமிக்கொண்டிருந்த அல்சேஷனின் மூக்கோடு மூக்கு உரசிவிட்டான்.

வீடு திரும்பியதிலிருந்து அவன் மூக்கை நான்கு முறை தொட்டுப் பார்த்துவிட்டேன். அது குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. இதோ, ஐந்தாம் முறையும் தொடுகிறேன்.

பஞ்சாங்கத்தைப் பிறர் துணையின்றிக் கற்றவள் நான். அதில் ஊசிக்கென்று ஒரு பத்தி இல்லை என்பதை உங்களில் ஒருவரேனும் சொல்லியிருக்கலாமே, தோழியரே?