எனிட் கிளெக் தந்த அனுமதி

யார்க்‌ஷயரில், கம்பளி ஆலைகளுக்கு நடுவே இருந்த ஒரு நகராட்சி நீச்சல் குளத்தில் எனிட் கிளெக் பதினான்கு வருடமாக, யாரும் மூழ்காமல் பார்த்துக்கொள்ளும் காவல் வேலை பார்த்துவந்தாள். கழுத்தில் ஊதல், கையில் நீளக் கம்பு, வாயில் இலக்கணம். இங்கிலீஷில் 'கேன்' என்றால் முடியுமா என்று பொருள். அனுமதி கேட்க வேண்டுமானால் 'மே' போட வேண்டும். ஊரோ இரண்டுக்கும் 'கேன்' என்றே சொல்லிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. எனிட்டுக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னொரு துண்டு எடுத்துக்க முடியுமாம்மா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு, முடியாம என்ன? எடுத்துக்கலாமான்னு கேளுங்க."

சரியாகக் கேட்ட பிறகுதான் துண்டு வரும். 'மே' அங்கே பெண்களுக்கு வைக்கிற பெயரும்கூட. இந்த ஓயாத 'மே'யினால், புதிதாக வருகிறவர்கள் அவள் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு 'மிஸ் மே' என்று போட்டு மூன்று வாழ்த்து அட்டைகள் வந்தன. திருத்தித் திருப்பி அனுப்பலாம் என்றால் அனுப்பியவர்களின் முகவரி இல்லை.

1958 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, வில்பிரட் சக்டன் அவளிடம் வந்தான். நாற்பது வயது, கம்பளி தரம் பிரிக்கிற வேலை, ஆறடிக்கு மேல் உயரம். ஆறு வாரமாக ஆழமில்லாத பக்கத்தில் கைகளை வீசிக்கொண்டிருந்தான். ஒரு கால் எப்போதும் தரையில் ஊன்றியிருந்ததை எனிட் கவனித்ததில்லை.

"ஆழத்துப் பக்கம் நான் போக முடியுமாம்மா?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும். போகலாமான்னு கேளுங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "போகலாமாம்மா?"

"தாராளமாப் போகலாம்."

அவன் நன்றி சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தான். இரும்புக்கட்டி மாதிரி அடிக்குப் போனான். எனிட் நீட்டிய கம்பு அவனுக்கு எட்டவில்லை. அவள் சட்டையோடும் செருப்போடும் குதித்து, முடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டாள்.

"நீச்சல் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாதும்மா."

"பின்ன எதுக்குக் குதிச்சீங்க?"

"நீங்கதானே போகலாம்னீங்க."

"போகலாம்னேன். முடியும்னு சொன்னேனா?"

அவன் இருமி முடித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னான்: "முடியுமான்னுதான் முதல்ல கேட்டேன். ஆறு வாரமாப் பாத்திருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். கேள்வியே தப்புன்னுட்டீங்க."

எனிட்டின் செருப்பில் ஒன்று குளத்தின் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

மேலாளர் ஹோல்ராய்ட் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். நான்கு தாளைக் கிழித்துப் போட்டாள். எப்படி எழுதினாலும் இலக்கணம் அவன் பக்கமே போய் நின்றது. ஐந்தாவதில் இரண்டே வரி: 'அவர் சரியாகத்தான் கேட்டார். நான் தப்பாகத் திருத்திவிட்டேன்.'

ஹோல்ராய்ட் அதை இரண்டு முறை படித்தார். "பதினாலு வருஷத்துல நீ தப்புன்னு ஒத்துக்கிட்ட முதல் காகிதம் எனிட். கண்ணாடி போட்டு மாட்டி வைக்கட்டுமா?"

"வேண்டாங்க."

அன்றிலிருந்து அவள் யாரையும் திருத்தவில்லை. "தெம்பு இருக்கான்னு கேக்குறீங்களா, அனுமதி கேக்குறீங்களா?" என்று ஒவ்வொருவரையும் விசாரிக்க ஆரம்பித்தாள். துண்டு வாங்கும் வரிசை வாசல் வரை நீண்டது. பழைய எனிட்டே தேவலை என்று பேசிக்கொண்டார்கள்.

சக்டன் அடுத்த செவ்வாய்க்கிழமையே வந்தான். அவளே தண்ணீரில் இறங்கிக் கற்றுக்கொடுத்தாள்.

"காலைத் தூக்குங்க."

"தூக்கிட்டேனே."

"இன்னொண்ணைச் சொல்றேன்."

ஆகஸ்டில் ஒருநாள் அவன் குளத்தின் முழு நீளமும் நீந்தினான். பாதித் தண்ணீர் வாய்க்குள் போயிருக்கும். எனிட் கரையோரமாகக் கூடவே நடந்தாள். இந்த முறை கம்பை அவனுக்கு எட்டும்படியே நீட்டிப் பிடித்திருந்தாள். அவன் ஏறி வந்ததும் சூடான மாட்டிறைச்சிச் சாற்றை ஒரு கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"பாக்கச் சகிக்கலை," என்றாள் எனிட். "ஆனா வந்து சேந்துட்டீங்க. ஆறுறதுக்குள்ள குடிங்க."