சீனித்தாய் தைத்த பச்சைக் கொடி

சீனித்தாயிடம் தாலியைக் கழற்றச் சொல்லாத வாய் எங்கள் தெருவில் இல்லை. யுத்த காலத்தில் ராணுவச் சமையலுக்கென்று கராச்சிக்குப் போன அவள் புருஷன் பிச்சையாவிடமிருந்து, நாடு இரண்டான பிறகு ஒரு வரிகூட வரவில்லை. அவள் போட்ட மூன்று கடிதங்களும் ஆள் இல்லை என்று திரும்பிவிட்டன. கலவரத்தில் போயிருப்பான், இன்னும் எதற்குப் பூவும் பொட்டும் என்று முதலில் நாத்தனார் கேட்டாள். பிறகு எல்லோரும் கேட்டோம். நானும்தான் கேட்டேன். இப்போது நினைத்தால் என் நாக்கின் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

“செத்தத பாத்தவுக யாரு? பாத்தவுக வந்து சொல்லட்டும்” என்பாள். உடனே தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிடுவாள்.

1949 பங்குனியில் ஓர் அமெரிக்கக் கப்பல் இயந்திரப் பெட்டிகளோடு எங்கள் துறைமுகத்துக்கு வந்து தூரத்தில் நங்கூரம் போட்டது. பாதிப் பெட்டி இங்கே ஆலைக்கு, மீதி கராச்சிக்கு. காஷ்மீரில் நமக்கும் அவர்களுக்கும் சண்டை நின்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காக்காரன் மட்டும் இரண்டு பேருக்கும் வேண்டியவன். எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்த நாட்டுக் கொடியைக் கப்பலில் ஏற்றுவது மரியாதை. இவர்களிடம் இரண்டு கொடியும் இல்லை. கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி, இரண்டையும் சீனித்தாயிடம் தைக்கக் கொடுத்தார்.

பச்சைத் துணியைப் பார்த்ததும் தெரு கொதித்தது. இனி அவளிடம் ரவிக்கை தைக்கக் கூடாது என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் இரட்டைத் தையல். மூவர்ணத்தை அன்றே கொடுத்துவிட்டாள். பச்சையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கடிதத்தோடு படகுத்துறைக்குப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

கராச்சித் துறைமுகத்துச் சமையல்காரர்களிடம் விசாரித்துப் பிச்சையாவிடம் கடிதத்தைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். கொடி வாங்கக் கரைக்கு வந்திருந்த கப்பல் அதிகாரி மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அண்ணாச்சி மொழிபெயர்த்தார்.

“ரெண்டு நாட்டுக்கும் அவுக சிநேகிதமாம். ஒரு பக்கத்துச் சேதிய மறுபக்கம் கொண்டுபோயி வம்புல மாட்ட மாட்டாகளாம்.”

“ரெண்டு வீட்டுலயும் கை நனைக்கத் தெரியுதுல்லா? இந்த வீட்டுச் சேதிய அந்த வீட்டுல சொன்னா என்னவாம்?”

“ஏளா, வெளையாடாத. கப்பல் நாளைக்கு நேரா அங்கனதான் போவுது. கொடிய குடு.”

“கடுதாசி ஏறினாத்தான் அண்ணாச்சி கொடி ஏறும்.”

அண்ணாச்சி கெஞ்சினார், மிரட்டினார். அவள் அசையவில்லை.  கடைசியில் அதிகாரியே கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அப்புறம்தான் இடுப்பிலிருந்து கொடி வெளியே வந்தது.

இரண்டு மாதம் கழித்து, கப்பல்காரன் போகும் வழியில் தபாலில் போட்ட உறை ஒன்று கொழும்பு முத்திரையோடு வந்தது. சீனித்தாய் அதைத் தெருவில் நின்று நாத்தனாருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

“உசுரோட இருக்கேன். பழைய எடம் எரிஞ்சிட்டு. எட்டுக் கடுதாசி போட்டேன், ஒண்ணுமா வரல? ஊருக்கு வர பெர்மிட் கேட்டிருக்கேன், தர மாட்டேங்கான். இருந்துக்கோ, வருவேன்.”

நான் அவள் வாசலில் தலை குனிந்து நின்றேன்.  சீனித்தாய் உள்ளே போய்ப் பச்சைத் துணியோடு வந்து பாயில் விரித்தாள்.

“ஆடியில இன்னொரு அமெரிக்காக் கப்பல் வருதாம்” என்றாள்.

யாரும் அவளிடம் கொடி கேட்டிருக்கவில்லை. துணியின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.