இல்லை என்று அழுத்தியவர்கள்

யுத்தம் முடிந்து இந்தியாவின் மண்டபம் முகாமிலிருந்து தலைமன்னாருக்குத் திரும்பி வந்த எங்களுக்கு முதலில் கூரைக்குத் தறப்பாள் தந்தார்கள். பிறகு கோழிக்குஞ்சு தந்தார்கள். அதற்குப் பிறகு கதவில்லாத வீடு தந்து, கதவு இருக்கவேண்டிய இடத்தில் எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கடைசியாக, ரயில் திரும்பவும் இறங்குதுறை வரை ஓடத் தொடங்கிச் சில வருடத்துக்குப் பிறகு, ஒரு நிறுவனம் எங்களுக்கு அறிவு தரவென்று வந்து சேர்ந்தது.

மீனவர் சங்க மண்டபத்தில் பனர் கட்டினார்கள். மூத்த பிரசைகளுக்கான எண்மத் திறன் பயிற்சி என்று அதில் எழுதியிருந்தது. நான் மூத்த பிரசை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முகாமில் இருபது வருடத்துக்கு மேல் எந்தப் பிரசையுமில்லாமல் இருந்துவிட்டு வந்தவளுக்கு இது பெரிய பதவிதான். ‘எண்ம’ என்றால் என்னவென்று, வகுப்பெடுக்க வந்த வளவாளரைக் கேட்டேன். கொழும்பிலிருந்து வந்த மெலிந்த பிள்ளை. பனரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அது தலைமைக் கந்தோரில் அச்சடித்துத் தந்தது என்றான்.

விளக்கேற்றினார்கள். சோளகக் காற்று அணைத்தது. திரும்ப ஏற்றினார்கள். திரியை விடக் காற்றுக்குத்தான் விடாமுயற்சி இருந்தது. கடைசியில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நாங்கள் வியர்த்துக்கொண்டிருக்க, எங்கள் தனிமையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். முதியோர் சமூகத்திலிருந்து விடுபட்டுப் போகிறார்களாம். என்னை யாரும் விட்டுப் போகவில்லை. என் பெரிய கவலையே வீட்டில் ஒரு நிமிடம் தனியாக இருக்கமுடியவில்லை என்பதுதான்.

முதல் வகுப்பில் மின்னஞ்சல் திறக்கப் பழக்கினார்கள். வந்திருந்த ஒருவருக்கும் மின்னஞ்சல் எழுத ஆள் இல்லை. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக்கூடாது என்று வளவாளர் அரைமணித்தியாலம் விளக்கினான். பிறகு, மறந்துபோவார்கள் என்று பயந்து, எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்டான். அது அங்கேயே கிடந்தது. மீனவர் சங்கத்துக்காரர் அதன்மேல்தான் டீசல் விலை எழுதினார்கள்.

இத்தனைக்கும் நான் ஒரு வகுப்பும் விடாமல் போனதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா திரும்பி வரவில்லை. அவளுடைய பிள்ளைகள் அங்கேயே கலியாணம் கட்டிவிட்டார்கள். நான் வெளிக்கிடுவதாகச் சொன்ன அன்று, விசர் பிடித்தவர்கள்தான் அந்த மண்ணுக்குத் திரும்பிப் போவார்கள் என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை, நாலு வார்த்தை கூடவே சொன்னேன். அதோடு இருவரும் வாயை மூடிக்கொண்டோம். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் கத்துவது கிடையாது. கோபித்தவர் மற்றவருக்கு முன்னால் வந்து இருந்துகொண்டு ஒரு சொல் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எழும்பிப் போய்விட்டால் அது கோபமில்லை, பகை. அம்மாவிடமிருந்து வந்த பழக்கம் இது. நான் பெட்டியைத் தூக்கும்வரை அக்கா முகாம் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள். நான் போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் வந்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் போய்விட்டன. காது நன்றாகக் கேட்கும் என்று அவளுடைய மகள் சொன்னாள். பேச்சில்லாதவளோடு சாதாரணப் போனில் என்ன கதைப்பது? முகம் பார்க்கவேண்டும். நேரே போகலாமே என்பீர்கள். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் எட்டிவிடும் போலத்தான் இருக்கும். ஆனால் கடவுச்சீட்டு, விசா எல்லாம் எடுத்து, கொழும்புக்குப் போய் விமானம் ஏறித்தான் அந்தத் துண்டுக் கடலைத் தாண்டவேண்டும். சில பின்னேரங்களில் என் போன் தானாகவே இந்தியாவின் சிக்னலைப் பிடித்து, இந்தியாவுக்கு நல்வரவு என்று எனக்குச் செய்தி காட்டும். போனுக்குக் கிடைத்த வரவேற்பு அதன் சொந்தக்காரிக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அது என் மகன் தந்த போன். அவன் புதிது வாங்கியதும் பழையது அம்மாவுக்குப் பாசத்தோடு வந்து சேர்ந்தது. முகம் பார்த்துக் கதைக்கும் வசதியை அதில் போடுவதுதான் இரண்டாவது வகுப்பு. போடும்போது போன் சில கேள்விகள் கேட்கும், வாசித்து அமத்துங்கள் என்று சொல்லிவிட்டு வளவாளர் மீன் வைத்த மாலுபாணும் ரீயும் வந்த பக்கமாகப் போய்விட்டான். போன் கேட்டது. நல்ல தமிழில், மரியாதையாகத்தான் கேட்டது. எனக்குத் தெரிந்த மறுமொழியை அமத்தினேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த அயல்வீட்டு அண்ணை, சீவியம் முழுக்க வள்ளத்தில் போன மனிதர், கண்ணாடிகூடப் போடாமல் டக் டக் என்று அமத்தி முடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து அக்காவைப் போனில் எடுத்தேன். அக்காவின் மகள் ஞாயிறென்றால் மீன் விற்கச் சந்தைக்குப் போய்விடுவாள். போகும்போது போனைப் பாய்க்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டியில் சாத்திவைப்பாள். மணியடித்தால் எந்தப் பச்சையை அமத்துவது, எந்தச் சிவப்பை அமத்துவது என்று தாய்க்குப் பழக்கியிருந்தாள். அக்கா இடக்கையால் அமத்தினாள். முகம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, தலை வெளுத்து, ஆனால் அதே அக்கா. கோபத்தைப் பற்றிய பேச்சை மட்டும் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் கதைத்தேன். வீடு கட்டிய கதை, ஆட்டைக் களவு கொடுத்த கதை, கோயில் பெருநாள் கதை. அவள் கண் கலங்கிக்கொண்டு பார்த்தபடி கிடந்தாள். மூலையில் ஒரு சின்னக் கறுத்தப் பெட்டி தெரிந்தது. அலங்காரமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிப் பல ஞாயிறு போயிற்று. ஒவ்வொரு முறையும் அக்கா அழுதாள். பாசம் என்று நான் நினைத்தேன். வளவாளரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

பிறகு ஒரு ஞாயிறு, நான் கதைத்து முடித்துச் சிவப்பை அமத்திய கையோடு அக்காவின் மகள் சாதாரணக் கோலில் எடுத்தாள். சந்தையிலிருந்து நேரத்தோடு வந்திருக்கிறாள். தாய் கறுத்த திரையைப் பார்த்து அழுதுகொண்டு கிடப்பதைக் கண்டிருக்கிறாள். முகாமிலே பிறந்து வளர்ந்தவள், அந்த ஊர்ப் பேச்சு.

“சித்தி, வாராவாரம் கூப்பிட்டுட்டு ஏன் ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கீங்க? முகத்தைக்கூடக் காட்டமாட்டேங்கிறீங்க. உன் தங்கச்சிக்கு இன்னும் கோவமான்னு கேட்டா, அம்மா ஆமான்னு தலையாட்டுது.”

நான் தொண்டை வறளக் கதைத்தேனே பிள்ளை என்று சொல்லத் தொடங்க லைன் அறுந்துவிட்டது; அவளும் திரும்ப எடுக்கவில்லை. என் போனிலிருந்து இந்தியாவுக்குச் சாதாரணக் கோல் போகாது. முகம் பார்க்கும் கோலில் எடுத்தால் நான் ஊமை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஒவ்வொரு கிழமையும் தவறாமல் அவளுக்கு முன்னால் போய் இருந்து, வாய் திறக்காமல், முகம் காட்டாமல், கோபம் கொண்டாடியிருக்கிறேன். அம்மா செய்திருந்தால்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருக்கமாட்டார்.

மறுநாள் கடைசி வகுப்பு. சான்றிதழ் கொடுக்க நிறுவனத்திலிருந்து ஒரு அம்மணி கமராவோடு வந்திருந்தார். நான் நேரே வளவாளரிடம் போய்ப் போனை மேசையில் வைத்து, இது என்னை ஊமையாக்கிப்போட்டுது என்றேன். அவன் ஜன்னலால் வானத்தைப் பார்த்து, சிக்னல் என்றான். தன்னுடைய மகனும் கட்டாரிலிருந்து இதைத்தான் சொல்கிறான் என்றார் அண்ணை. பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். பிறகு இன்னொருவர். பார்த்தால் மண்டபமே ஊமை மண்டபம். வளவாளர் என் போனை நோண்டிப் பார்த்துச் சிரித்தான். அண்ணையின் போனைப் பார்த்தான், சிரிப்புக் குறைந்தது. அடுத்ததைப் பார்த்தபோது சிரிக்கவில்லை. கமராவைப் பாவிக்கலாமா, பேசுவதைக் கேட்கலாமா, இருக்கும் இடத்தைச் சொல்லலாமா என்று போன் அனுமதி கேட்டதற்கெல்லாம் நாங்கள் அத்தனை பேரும் இல்லை என்று அழுத்தியிருக்கிறோம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான்.

அண்ணைதான் சொன்னார். “தம்பி, சென்றியில துவக்கோட நிண்டு கேட்டவங்களுக்கு ஓம் எண்டு சொன்ன ஆக்கள் ஒருத்தரும் இந்த ஹோலில இல்லை.”

யார் வீட்டில் இருக்கிறார்கள், எந்த வழியால் வந்தாய், வள்ளம் யாருடையது என்று இந்தக் கரையிலும் கேட்டார்கள், அந்தக் கரையிலும் கேட்டார்கள். ஒருவரும் இல்லை, ஒன்றும் இல்லை, தெரியாது. எங்கள் உயிரைக் காப்பாற்றிய மறுமொழி அது. கையில் வைத்திருக்கும் பெட்டி கேட்டால் மட்டும் உண்மை சொல்லவேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

பாவம், அந்தப் பிள்ளை ஒவ்வொரு போனாக வாங்கி, இல்லைகளையெல்லாம் ஓம் ஆக்கித் தந்தான். அவன் பழக்கியதில் உருப்படியானது அது ஒன்றுதான், அதையும் அவனே செய்தான்.

நான் அந்தக் கதிரையில் இருந்தபடியே அக்காவை எடுத்தேன். முகம் வந்தது. மூலையில் இருந்த கறுத்தப் பெட்டிக்குள் ஒரு கிழவி தெரிந்தாள். அது நான்தான் என்று பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அக்காவின் கண் பெரிதாக விரிந்தது. அதற்குள் அம்மணி மோப்பம் பிடித்து வந்துவிட்டார். கமராவை என் தோளுக்கு மேலால் நீட்டி, இது நல்ல வெற்றிக் கதை, நாங்கள் நிற்பதை நினைக்காமல் இயல்பாக அழுங்கள் என்றார். தறப்பாள் தந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னைப் படம் எடுத்திருக்கிறார்கள். எடுக்கலாமா என்று முதன்முதலில் கேட்டது இந்தப் பழைய போன்தான்.

“என்னைக் கேட்டனீங்களோ?” என்றேன்.

அவர் தடுமாறி, எடுக்கலாமா அம்மா என்று கேட்டார்.

“இல்லை.”

கமரா கீழே போனது. நான் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, “அக்கா, கேக்குதோ? எனக்குக் கோவம் இல்லையக்கா. இவ்வளவு நாளும் நான் கதைச்சுக்கொண்டுதான் இருந்தனான், இந்தப் போன்தான் விழுங்கிப்போட்டுது” என்றேன்.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். கேட்டது என்று தலையை ஆட்டினாள். பிறகு, மெதுவாக, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இனி அவளுடைய முறை. இத்தனை ஞாயிறு அழவைத்தவளை அப்படிச் சும்மா விடுவாளா? இடக்கைக்குக் கிட்டத்தான் சிவப்பு இருந்தது. அவள் அதை அமத்தவில்லை. நான் அவளுடைய வெள்ளைத் தலைமயிரைப் பார்த்துக்கொண்டு, ஆட்டைக் களவு கொடுத்த கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.